காலரி ஏன் காலியாக இருக்கிறது?

மயிலாப்பூரில் நாலு பேர் சேர்ந்து உட்காரும் இடத்தில் கால்பந்துப் பேச்சை எடுத்துப் பாருங்கள். "அது வடசென்னை ஆட்டம் சார்" என்று ஒருவர் முடித்து வைத்துவிடுவார். வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, ராயபுரம் என்று ஊர்ப் பெயர்களும் வரிசையாக வரும். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லஸ்ஸிலிருந்து கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் சாந்தோம். அங்கேயும் நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மீனவர் வீட்டுப் பையன்கள் மணலில் ஆடுவது கால்பந்துதான். நாம் அந்தப் பக்கம் வாக்கிங் போனாலும் கண் கடலைத்தான் பார்க்கிறது.

நமக்குக் கிரிக்கெட் வந்து ஒட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. லஸ்ஸில் பெரிய வீட்டில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு, வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை என்ற ரோஷத்தில் 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. 1908-ல் ஆட்டம் நடப்பதற்குள் காலமாகிவிட்டார். பிற்பாடு அது பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மாட்சாக 1952 வரை ஓடியது. என் மாமனார் சிறுவயதில் கட்டுச்சாதத்தோடு போய் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தவர். யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "நம்ம பசங்க வெள்ளைக்காரனை ஆடினாங்க" என்பார். கூட்டம் எதற்கு வந்தது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

இதையெல்லாம் நான் கிளறக் காரணம், எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் கல்லூரிப் பையன். பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குத் தேர்வாகி, வெளியூர் போய் ஆடி, திரும்பி வந்தும்விட்டான். கீழ் வீட்டு மாமிக்குத் தெரியாது, வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவன் அப்பாவே ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. நான் கேட்டபோது பையன் சிரித்துக்கொண்டே, "தாத்தா, எங்க மாட்சுக்கு எதிர் டீம் கோச்சும் எங்க கோச்சும்தான் ஆடியன்ஸ்" என்றான். அவன் சிரித்தான். எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. அதே வயதில் ஒரு பையன் ஐபிஎல் அணியில் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

உலகத்தில் பல்கலைக்கழகப் பெயரைச் சுமந்த கால்பந்து கிளப்புகளுக்குப் பெரிய பெரிய மைதானங்கள் நிறைந்திருக்கின்றன, இன்றும் நிறைகின்றன. நம் ஊரில் ஏன் இல்லை? ஆட்டத்தின் தரத்தைக் காரணமாகச் சொல்வது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அமைப்பிலேயே இருக்கும் கோளாறு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் பம்பாய், கல்கத்தாவோடு சேர்ந்து பிறந்தது. லண்டனைப் பார்த்து வைத்த ஏற்பாடு அது. பாடம் நடத்துவது கல்லூரிகள், தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆகவே மாணவனுக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஹால் டிக்கெட், மார்க் ஷீட், கான்வொகேஷன் கவுன். மற்றபடி அவன் லயோலாக்காரன், பச்சையப்பன்காரன், விவேகானந்தாக்காரன், நியூ காலேஜ்காரன். "நான் மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்காரன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட ஒருத்தனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பல்கலைக்கழக அணி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து பையன்களை வரவழைத்துத் தேர்வு வைப்பார்கள். தேறியவர்களுக்கு ஒரு முகாம். பிறகு ரயில். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலப் போட்டியையும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் நடத்தும். அதில் மேலே வருபவர்கள் அகில இந்தியப் போட்டியில் சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலான கேடயத்துக்கு மோதுவார்கள். தோற்றால் மறுநாளே ஊர் திரும்பல், அணியும் அன்றோடு கலைந்தது. அடுத்த வருடம் வேறு முகங்கள். இந்த அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் என்று ஒன்றுமே கிடையாது. வருடத்தில் ஒரே ஒரு முறை, பல நூறு மைல் தாண்டி, முன்பின் தெரியாத ஊரில் ஆடும் அணிக்கு மயிலாப்பூரிலும் அடையாறிலும் ரசிகன் எங்கிருந்து முளைப்பான்? கல்யாணத்தை வெளியூரில் வைத்துக்கொண்டு, பத்திரிகையும் கொடுக்காமல், பந்தி காலியாக இருக்கிறது என்று வருத்தப்படுவது போலத்தான்.

சரி, படிப்பு முடிந்து வெளியே வரும் நல்ல ஆட்டக்காரன் என்ன ஆகிறான்? ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, வருமான வரி, இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகிறான். அதைக் குறை சொல்ல நான் யார்? வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அந்த வேலைகள் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனால் விளைவு என்னவென்றால், சென்னை லீக்கில் பெயர் பெற்ற அணிகளில் பல, அலுவலகங்களின் அணிகள் ஆகிவிட்டன. அலுவலகத்துக்கு ஊழியர் உண்டு, சங்கம் உண்டு, கேன்டீன் உண்டு. ரசிகர் உண்டா? சம்பளக் கமிஷனுக்காகக் கோஷம் போட்ட தொண்டை, ஆபீஸ் அணிக்காகக் கத்தி நான் கேட்டதில்லை. அதுவும் வேலை நாளில், வெயில் இறங்காத மூன்று மணிக்கு ஆட்டம் வைத்தால் லீவு போட்டுவிட்டு எவன் வருவான்? என்னோடு வேலை பார்த்த ஒரு லெஃப்ட் விங்கர், மதியம் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்சுக்குப் போய், ஆறு மணிக்கு வேர்வையோடு திரும்பி வந்து டெஸ்பாட்ச் பார்ப்பார். "ஜெயிச்சீங்களா?" என்று கேட்கக் கூட அந்த நேரத்தில் செக்ஷனில் ஆள் இருக்காது.

நம் ஊரில் விளையாட்டைக் கல்வியோடு சேர்க்க முயன்றவர்களே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் அவரே. இன்று நந்தனத்தில் அந்த வளாகத்துக்கு நாம் புத்தகக் கண்காட்சிக்காகப் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறோம். அந்த மண்ணில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் டிரில் மாஸ்டர்கள் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். அடுத்தது லயோலா. 1925-ல் அதைத் தொடங்கிய பெர்ட்ராம் பாதிரியார் பிரெஞ்சுக்காரர், சேசு சபையைச் சேர்ந்தவர். அவர் பெயரால் நடக்கும் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகள் கல்லூரி மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதிரிக் கல்லூரிப் போட்டிகளில் இன்றும் கொஞ்சம் சத்தம் கேட்கும். காரணம், ஆடுகிறவன் தன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்காரன் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். கல்லூரியில் இருக்கும் அந்த ஒட்டுதல், பல்கலைக்கழகம் என்று மேலே போகும்போது ஆவியாகிவிடுகிறது.

இனி வெளியூர்க் கதை. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உத்தியோகம் சென்னையில் அமைந்த பிறகு, அந்த மொழி துருப்பிடிக்கக் கூடாதே என்று சனிக்கிழமைகளில் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்துக்குப் போவேன். பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போதுதான் போர்ச்சுகலின் கொயிம்ப்ரா கதை கண்ணில் பட்டது. பல வருடமாக அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கொயிம்ப்ரா, நம் சிதம்பரம் மாதிரி, பல்கலைக்கழகத்தாலேயே பெயர் பெற்ற ஊர். 1290-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. லிஸ்பனுக்கும் கொயிம்ப்ராவுக்குமாக அலைந்து 1537-ல் அங்கேயே நிலைத்தது. அதன் மாணவர் சங்கம் 1887-ல் ஏற்பட்டது. சுருக்கமாக அக்காடெமிக்கா என்பார்கள். சங்கீதம், நாடகம் என்று அந்தச் சங்கத்துக்குள் இருந்த பிரிவுகளில் கால்பந்தும் ஒன்று. மாணவர்கள் அணியும் கறுப்பு அங்கிதான் அந்த ஊரின் அடையாளம். அணியின் உடுப்பும் கறுப்பு. 1939-ல் நாட்டின் கோப்பைப் போட்டி இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவை 4-3 என்று தோற்கடித்தார்கள். 1967-ல் தேசிய லீக்கில் இரண்டாமிடம். அப்போது அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரர் ஆர்த்தூர் ஜோர்ஜ், ஜெர்மன் மொழி இலக்கியம் படித்தவர். 1987-ல் போர்ட்டோ ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் இவர்தான்.

1969 ஏப்ரல் 17. கணிதத் துறையின் புதுக் கட்டடத் திறப்பு விழா. ஜனாதிபதி அமேரிக்கோ டோமாஸ் வந்திருக்கிறார். சர்வாதிகார ஆட்சி நடந்த காலம். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்ட்டோ மார்ட்டின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். அவ்வளவுதான், கேட்டது மட்டும்தான். அனுமதி இல்லை, பிறகு கைது. மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள், தேர்வுகளையும் புறக்கணித்தார்கள். போலீசும் குதிரைப்படையும் ஊருக்குள் இறங்கின.

இந்த நேரத்தில் அவர்கள் அணி கோப்பையில் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக்கொண்டு போய் இறுதியாட்டத்துக்கே வந்துவிட்டது. ஜூன் 22, லிஸ்பனுக்கு வெளியே தேசிய மைதானம். எதிரே மறுபடியும் பென்ஃபிகா, அதில் யூசேபியோ. (1966 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக நாலு கோல் போட்டாரே, அவரேதான்.) மாணவர்கள் திரள் திரளாகப் போனார்கள். கூட்டத்துக்குள் துண்டுப் பிரசுரம் கைமாறியது. நல்ல கல்வி வேண்டும், போலீஸ் வேண்டாம் என்ற பொருளில் பதாகைகள் எழுந்தன. அக்காடெமிக்கா ஆட்டக்காரர்கள் ஓடி வரவில்லை. கறுப்பு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குள் போவது போல மெதுவாக நடந்து வந்தார்கள். வழக்கமாக வந்து கோப்பையைக் கொடுக்கும் ஜனாதிபதி அன்று வரவில்லை. தொலைக்காட்சியும் ஆட்டத்தைக் காட்டவில்லை. 81-வது நிமிடத்தில் மாணவர்கள் ஒரு கோல் போட்டு முன்னால் போனார்கள். நாலே நிமிடத்தில் பென்ஃபிகாவின் சிமோயிஸ் அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் யூசேபியோ ஒன்று போட்டு 2-1. மாணவர்கள் தோற்றார்கள். ஆனால் அந்த ஊரில் ஜெயித்த 1939 ஆட்டத்தை விட இந்தத் தோற்ற ஆட்டத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

பிரெஞ்சில் 'சுப்போர்த்தே' என்று ஒரு வினைச்சொல். தாங்குவது, பொறுத்துக்கொள்வது என்று பொருள். வெயில் தாங்க முடியவில்லை, பல்வலி பொறுக்க முடியவில்லை என்பதற்கெல்லாம் அதுதான். விளையாட்டு ரசிகன் என்ற பொருள் பிற்பாடு ஆங்கிலத்திலிருந்து வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளியில் ஒரு முசே, "இரண்டும் ஒரே வேலைதானே அப்பா" என்பார். அவர் ஆதரித்த அணி எது என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அது அடிக்கடி தோற்றிருக்க வேண்டும்.

அந்தப் பள்ளி நாட்களில் எங்களுக்கே ஒரு தர்மசங்கடம் வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்சும் கால்பந்தில் மோதின. பாண்டிச்சேரி 1954-லேயே கைமாறிவிட்டது என்றாலும் சட்டப்படி மாற்றம் ஆனது 1962-ல்தான். பிரெஞ்சுப் பாடப் புத்தகம் கையில், இந்தியக் கொடி வாசலில். எனக்குப் பத்து வயது. வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம். பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியா முன்னிலை, பிறகு பிரான்ஸ் சமன், 1-1. வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். அதே ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

கொயிம்ப்ராவுக்குக் கூட்டம் சேர்த்தது அரசியல். சிலி நாட்டு சந்தியாகோவில் சேர்த்தது நாடகம். அங்கே இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று அரசுடையது, சிலி பல்கலைக்கழகம். மற்றது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் தொழில்முறைக் கால்பந்து கிளப்புகள். 1938-ல் தேசிய மைதானம் திறந்த பிறகு இந்த இருவரின் மோதல் ஊர்த் திருவிழாவாகவே ஆனது. ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் இரு தரப்பு மாணவர்களும் மைதானத்தில் கூத்துக் கட்டினார்கள். ஜோடித்த வண்டிகள், பாட்டுக் குழுக்கள், விளக்கு வேடிக்கை, எதிர் தரப்பைக் கிண்டலடிக்கும் நாடகம், நூற்றுக்கணக்கில் வேஷம் கட்டிய பையன்களும் பெண்களும். கத்தோலிக்கத் தரப்புக்கு இதை நடத்திய ஹெர்மான் பெக்கெர், நாடகக்காரராகவே பெயர் வாங்கினார். 1960-கள் வரை இது நடந்தது. கால்பந்தில் அக்கறையே இல்லாத குடும்பங்கள், பாட்டி பேரன் சகிதம், கூத்தைப் பார்க்க வந்தன. வந்த இடத்தில் ஆட்டத்தையும் பார்த்தன. நம் ஊரில் கும்பாபிஷேகம் பார்க்க வந்தவர்கள் அப்படியே பொருட்காட்சியையும் சுற்றிவிட்டுப் போவது போல.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஊர் பஸ். ஆமாம், பஸ்தான். மாநிலக் கல்லூரி, பச்சையப்பன், நந்தனம் பையன்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிப் பாடும் கானாவை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், முகம் சுளித்தும் இருப்பீர்கள். எனக்கும் அலுவலகம் போகிற நேரத்தில் எரிச்சல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தாளம் இருக்கிறது, இட்டுக்கட்டும் திறமை இருக்கிறது, கல்லூரிப் பெயரைச் சொன்னால் சிலிர்க்கும் பெருமை இருக்கிறது, எதிர்க் கல்லூரி மேல் தீராத போட்டியும் இருக்கிறது. சந்தியாகோவில் மைதானத்துக்குள் போனது இதே சரக்குதான். இங்கே அதற்குப் போக ஒரு காலரி கிடைக்காததால், படிக்கட்டில் தொங்குகிறது. டிரைவர் கண்டக்டருக்கு மாலை போட்டு நன்றி சொல்லும் நாளாகத் தொடங்கிய பஸ் டே, அடிதடியாகி உயர் நீதிமன்றம் தடை செய்யும் அளவுக்குப் போனது. 'ரூட் தல' என்று ஒரு பதவியே உண்டானது. தடை போட்டது சரி. பஸ்ஸில் அரிவாள் எடுத்துக்கொண்டு ஏறுவதை யார் ஆதரிக்க முடியும்? ஆனால் விசுவாசம் கொட்டிக் கிடந்த இடத்தில் கதவை மூடியவர்கள், இன்னொரு கதவைத் திறக்க யோசிக்கவில்லை.

மெக்சிகோவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் அணிக்குப் பூமாஸ் என்று பெயர். 1962-ல்தான் முதல் டிவிஷனுக்கு வந்தது. 1952-ல் திறந்த பல்கலைக்கழக மைதானத்தில் ஆடுகிறது, 1968 ஒலிம்பிக் தொடக்க விழா நடந்த அதே மைதானம். வெளிச்சுவரில் தியேகோ ரிவேரா செய்த கல் ஓவியம் இருக்கிறது. அங்கே பல் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடிய ஹூகோ சான்செஸ், பிற்பாடு ரியல் மாட்ரிட்டில் கோல் மழை பொழிந்தார். அவர்கள் போடும் 'கோயா' என்ற கோஷம், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு கோயா தியேட்டருக்குப் போக மாணவர்கள் வைத்துக்கொண்ட சங்கேதம் என்று ஒரு கதை உண்டு. மட்டம் போடுவதற்குக் கூட அங்கே மரியாதை கிடைத்திருக்கிறது.

எல்லாம் சுபமாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரு நாட்டில் 1924-ல் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய கிளப், ஏழே வருடத்தில் பல்கலைக்கழகத்தோடு முறித்துக்கொண்டு தனியாகப் போக வேண்டியிருந்தது. பெயரில் மட்டும் இன்றும் யூனிவெர்சித்தாரியோ, நாட்டின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. கொயிம்ப்ராவிலோ, 1974 புரட்சி முடிந்த கையோடு மாணவர்களே கூட்டம் போட்டு, தொழில்முறைக் கால்பந்து நமக்கு வேண்டாம் என்று அந்தப் பிரிவைக் கலைத்தார்கள். கிளப் வேறு பெயரில் தாக்குப்பிடித்து, பத்து வருடம் கழித்துப் பழைய பெயரை மீட்டது. 2012-ல் கோப்பையைக் கூட வென்றது, 73 வருடம் கழித்து. ஆனால் மாணவர் சங்கமும் கிளப்பும் இப்போது தனித்தனிக் குடித்தனம். கூட்டம் பெருகப் பெருகப் பணம் வரும், பணம் வர வரப் படிக்கிற பையனுக்கு அணியில் இடம் குறையும். இந்தச் சங்கடத்துக்கு எந்த ஊரிலும் மருந்து கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் கால்பந்துக்குக் கூட்டமே வராது என்பவர்களுக்கு என் பதில் நேரு ஸ்டேடியம். அது நம் வயதுக்காரர்களுக்குக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் பங்கஜ் ராயும் வினு மன்கட்டும் நியூசிலாந்தை 413 ரன்னுக்கு வதைத்த இடம். 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்து அங்கே நடந்தது. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கி, சென்னையின் எஃப்.சி. வந்தவுடன் இந்த ஊரே நீலச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போனது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் தாமாகவே கிளம்பின. பறை, தாரை, தொண்ணூறு நிமிடம் நிற்காத பாட்டு. 2015 டிசம்பர் வெள்ளம் அடையாறு, கோட்டூர்புரம்காரர்களுக்கு மறக்காது. ஊரே தண்ணீரில் கிடந்ததால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அணி அதில் 3-0 என்று ஜெயித்து, பிறகு கோவாவில் கோவாவையே 3-2 என்று கடைசி நிமிடத்தில் வீழ்த்திக் கோப்பையை எடுத்து வந்தது. வீட்டில் இடுப்பளவு சேறு வாரிக்கொண்டிருந்த என் நண்பரின் மகன் அன்றிரவு தெருவில் ஆடினான். அந்த அணியில் பலர் வெளிநாட்டார். மெந்தோசா எந்த நாட்டுக்காரர் என்று கூட அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் கல்லூரி வயதுப் பிள்ளைகள். நகரத்தின் பெயருக்காகத் தொண்டை கிழியக் கத்தத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்காகக் கத்தத் தெரியாதா? சென்னையின் எஃப்.சி. கொடுத்ததையெல்லாம் இவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை. நிலையான மைதானம், முன்கூட்டியே தெரியும் தேதி, வெயில் தாழ்ந்த பின் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், பெயரும் முகமும் தெரிந்த ஆட்டக்காரர்கள். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல.

நான் இன்னும் அந்த நாற்காலியில் இருந்தால், கோப்பில் குறிப்பு இப்படி வைத்திருப்பேன். மண்டலப் போட்டி அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அதற்கு வெளியே, சென்னையிலும் சுற்றிலும் இருக்கும் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒரு சின்ன லீக் வைத்துக்கொள்ளலாம். இத்தனை பல்கலைக்கழகங்கள் ஒரே இடத்தில் குவிந்த ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை, மழைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை இங்கே, அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே. சேத்துப்பட்டில் பல்கலைக்கழக யூனியன் மைதானம் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் இடம் இருக்கிறது. முதலில் கூப்பிட வேண்டியது விடுதி மாணவர்களை. மாலையில் அவர்களுக்குப் போக இடமும் கிடையாது, கையில் காசும் கிடையாது. அடுத்து பழைய மாணவர்கள். கொழும்பில் ராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879 முதல் மோதும் கிரிக்கெட்டுக்கு, அறுபது வயது ஆட்கள் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள் என்று அந்த ஊர் நண்பர் சொல்வார். வருவது பேட்டிங் பார்க்கவா? கூடப் படித்தவனைப் பார்க்க. நமக்கும் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் போடுவதை விட மாதம் ஒரு மாலை காலரியில் உட்காருவது உடம்புக்கு நல்லது. இடைவேளையில் கானாப் போட்டி வையுங்கள், ஜெயிக்கும் கல்லூரிக்கு ஒரு சுழற்கோப்பை கொடுங்கள், 'ரூட் தல'யையே மேளக்காரர்களுக்குத் தலைவனாக்குங்கள். ஆட்டக்காரனின் படமும் அவன் படிக்கும் துறையும் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் முன்பே ஒட்டப்படட்டும். மூன்றாவது மாடிப் பையனுக்கு நான் கேட்பது அதுதான், ஒரு நோட்டீஸ் போர்டு.

பெண்கள் வர வேண்டும் என்றால் சுத்தமான கழிப்பறையும், எட்டரை மணிக்குள் ஆட்டம் முடிவதும் கட்டாயம். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் எத்தனை நல்ல ஏற்பாடுகள் இதனாலேயே படுத்தன என்பதை அறியாதவர்கள். மோதல் பயத்தில் போலீஸ் அனுமதி இழுக்கும். இரண்டு தரப்புக்கும் தனித்தனி வாசல், தனித்தனி காலரி என்று முதலிலேயே வரைபடத்தோடு மனு கொடுத்தால் பாதி எதிர்ப்பு குறையும். பெரிய செலவு விளக்குக்குத்தான். அதற்குப் பழைய மாணவர் சங்கங்களிடம் கை நீட்டலாம், கட்டடத்துக்குக் கொடுக்கிறவர்கள் கம்பத்துக்கும் கொடுப்பார்கள். மற்றதற்கெல்லாம் தனியாக அரசாணை எதுவும் வேண்டாம். இரண்டு பல்கலைக்கழகங்களின் உடற்கல்வி இயக்குநர்களும் பதிவாளர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் முதல் ஆட்டத்தை வருகிற ஜூலையிலேயே வைக்கலாம்.